முடிச்சு எங்கே அறுகிறது?

ஒரு நூலின் வலிமை எவ்வளவு என்று கேட்டால், அது எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு தடிமன் உடையது என்பவற்றைக் கொண்டு விடை கூறிவிடலாம். அதே நூலில் ஒரே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால் விடை மாறிவிடுகிறது. மெல்லிய நைலான் இழையில் தானாகவே விழுந்துவிடும் ஒற்றை முடிச்சு, இழையின் வலிமையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். நூலிலிருந்து நாம் எதையும் வெட்டி எடுக்கவில்லை. வளைத்து இறுக்கினோம், அவ்வளவுதான். பின் ஏன் இந்த இழப்பு? எந்த முடிச்சில் இழப்புக் குறைவு? அதனை எவ்வாறு சோதித்து அறிவது?

மாலுமிக்கும் மலையேறுபவருக்கும் அறுவை மருத்துவருக்கும் இக்கேள்விகள் உண்டு. என்றாலும், தலைமயிர் இரண்டின் தடிமன் அளவே உள்ள ஓர் இழையின் முனையில் துள்ளும் மீனைப் பிடித்து நிறுத்த வேண்டியவருக்கு இவை மிகவும் நெருக்கமான கேள்விகள். ஆகவே ஈத்தூண்டில்காரரின் முடிச்சுகளையே நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஈத்தூண்டில்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் என்னும் மீன், நீரின் மேற்பரப்பில் வந்து அமரும் பூச்சிகளை விரும்பி உண்ணும். சிறிய முள்ளில் இறகும் மயிரும் நூலும் கட்டி, பூச்சி போலவே ஓர் உருவம் செய்து, அதனை நீரின் மேல் மெல்ல விழச்செய்து இம்மீனைப் பிடிப்பார்கள். இந்தச் செயற்கைப் பூச்சியை 'ஈ' என்பதும், இந்த முறையை ஈத்தூண்டில் என்பதும் வழக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளிலும் டிரவுட் மீன்கள் வளர்த்து விடப்பட்டன. உதகைக்கு அருகில் உள்ள அவலாஞ்சியில் இதற்கென ஒரு பொரிப்பகமே அமைந்தது.

நம் ஊர்க் குளத்துத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் 'ஈ'க்கு எடையே இல்லை எனலாம். எடை முழுவதும் கயிற்றிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிற்றைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி நீரின் மேல் விரிக்கிறார்கள். அந்தத் தடித்த கயிற்றை மீனின் முகத்துக்கு நேரே நீட்ட முடியாதல்லவா? எனவே கயிற்றின் முனையில் இரண்டரை அல்லது மூன்று மீட்டர் நீளத்துக்கு, வரவர மெலியும் ஒளிபுகும் இழையைக் கட்டுவார்கள். அதன் முனையில் இன்னும் மெல்லிய நுனி இழை வரும். அதன் முனையில் ஈ.

உருளையிலிருந்து முள் வரை இப்படி நான்கைந்து இணைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. தடித்த பகுதிகளில் வலிமை மிகுதியாகவே இருப்பதால் அங்குள்ள முடிச்சுகளைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் கடைசி இரண்டில்தான்: நுனி இழையை அதற்கு முந்திய இழையோடு சேர்க்கும் முடிச்சு, நுனி இழையை முள்ளின் காதில் கட்டும் முடிச்சு. இவற்றிலும் எது முதலில் அறவேண்டும் என்பதில் தூண்டில்காரருக்கு ஒரு விருப்பம் உண்டு. முள்ளின் அருகிலேயே அறுந்தால், தப்பிய மீன் ஒரு சிறு முள்ளோடு போகும். மேலே அறுந்தால் ஒரு மீட்டர் நைலானையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த நைலான் எளிதில் மக்குவதில்லை. செடியில் சிக்கும், நீர்ப்பறவையின் காலில் சுற்றும். ஆகையால் மேல் முடிச்சு கீழ் முடிச்சைவிட வலிமையாக இருப்பதே முறை.

குதிரை மயிரும் பட்டுப்புழுவும்

1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று, குதிரை வால் மயிரை முறுக்கித் தூண்டில் கயிறு செய்யும் முறையை விளக்குகிறது. பின்னர்ப் பட்டுப்புழுவின் உதவி கிடைத்தது. கூடு கட்டப்போகும் தறுவாயில் உள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து நீளமாக இழுத்தால் ஒளிபுகும் உறுதியான இழை கிடைக்கும். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா பகுதி இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. இந்த இழை உலர்ந்திருந்தால் முடிச்சுப் போடும்போதே ஒடிந்துவிடும். முதலில் நீரில் ஊறவைக்க வேண்டும். இழையை மெல்லியதாக்க, துளையுள்ள தகடுகளின் வழியே இழுத்துச் சீவுவார்கள். எத்தனை முறை இழுத்தார்களோ அதைக் குறிக்க 'எக்ஸ்' என்ற எண் வந்தது. இன்று எவரும் சீவுவதில்லை, ஆனால் அந்த எண் நின்றுவிட்டது. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் கிடைப்பது, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பதாகும். 5 எக்ஸ் இழை என்றால் ஆயிரத்தில் 6 அங்குலம், அதாவது 0.152 மி.மீ. இன்று விற்கும் இத்தகைய நைலான் இழை சுமார் 2 கிலோகிராம் எடையைத் தாங்கும்.

நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். 1938-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் கடைகளில் தூண்டில் நரம்பு என்றும் தங்கூசி என்றும் கேட்டு வாங்குவது இதைத்தான். (இனி நாமும் நரம்பு என்றே சொல்வோம்.) இது ஊறவைக்கத் தேவையில்லை, அழுகாது, எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் ஒரே தடிமனில் கிடைக்கும். ஆனால் ஒரு குறை: வழுக்கும். பட்டுப்புழு இழையில் தலைமுறை தலைமுறையாக நம்பிக் கட்டிய சில முடிச்சுகள் நைலானில் நழுவி அவிழ்ந்தன. பழைய முடிச்சுகளைப் புதிய பொருளுக்கேற்ப ஆராய்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் ஸ்டான்லி பார்ன்ஸ் என்பவர் 1947-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

பொருள் மாறினால் முடிச்சும் மாற வேண்டும் என்பது ஏன் என்று இப்போது காண்போம்.

வளைவு செய்யும் கேடு

ஒரு நரம்பை வளைத்தால் அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நரம்பின் ஆரத்தை, வளைவின் நடுக்கோட்டு ஆரத்தால் வகுத்தால் போதும்.

0.25 மி.மீ. தடிமனுள்ள நரம்பை, 3 செ.மீ. தடிமனுள்ள உருளைக் கட்டையில் சுற்றுவதாகக் கொள்வோம். நரம்பின் ஆரம் 0.125 மி.மீ.; வளைவின் ஆரம் ஏறத்தாழ 15 மி.மீ. வகுத்தால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நரம்புக்கு இது ஒரு பொருட்டே அன்று. இனி அதே நரம்பைத் தன் தடிமனே உள்ள இன்னொரு நரம்பின் மேல் சுற்றுங்கள். இப்போது வளைவின் நடுக்கோட்டு ஆரம் நரம்பின் தடிமனுக்குச் சமம். கணக்குப்படி வெளிப்புறம் 50 விழுக்காடு நீள வேண்டும்! நைலான் நரம்போ பொதுவாக 20 அல்லது 30 விழுக்காடு நீண்டாலே அறுந்துவிடும். உண்மையில் நைலான் சிறிது நசுங்கியும் குழைந்தும் இடம் கொடுப்பதால் உடனே அறுவதில்லை. ஆனால் வெளிப்புற இழைமங்கள் ஏற்கெனவே தம் தாங்குசக்தியின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டன. இதன்மேல் மீனும் இழுத்தால் அங்கிருந்துதான் பிளவு தொடங்கும்.

சரி, முடிச்சுக்குள் பல வளைவுகள் இருக்கின்றனவே, எந்த வளைவில் அறும்? முடிச்சின் நடுவில் என்றுதான் பலர் நினைப்பார்கள். 2001-இல் பியோத்தர் பியெரான்ஸ்கி என்னும் போலந்து இயற்பியலாரும் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அவருடைய தோழர்களும் இதைச் சோதித்து வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய பொருள்கள் இரண்டு: தூண்டில் நரம்பு, வேகவைத்த ஸ்பெகட்டி. (நாம் சேமியாவைக் கொண்டு செய்து பார்க்கலாம், நீளமான சேமியா கிடைக்க வேண்டும், குழைய விடக்கூடாது.) முடிச்சுகளை இறுக்கி இழுத்தபோது, நரம்பு முடிச்சுக்குள் நுழையும் வாயிலில்தான் அறுந்தது. அந்தக் குழுவில் ஒருவரான ஜாக் துபோஷே பின்னர் வேறோர் ஆராய்ச்சிக்காக 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாயிலில் ஏன்? முடிச்சின் உள்ளே செல்லச் செல்ல உராய்வு சிறிது சிறிதாக இழுவிசையைத் தின்றுவிடுகிறது. நுனிக்குப் போவதற்குள் இழுவிசை சுழியாகிவிடுகிறது. வாயிலில் மட்டுமே மீனின் முழு இழுப்பும் இருக்கிறது. அதே இடத்தில் முதல் கூர்மையான வளைவும் வந்துவிட்டால், இரண்டும் கூடி நரம்பை அறுத்துவிடுகின்றன. ஆகவே நல்ல முடிச்சின் இலக்கணம் இது: முழு இழுவிசை தாங்கும் இடத்தில் நரம்பு நேராக இருக்க வேண்டும், இழுவிசை குறைந்தபின்பே கூர்மையாக வளையலாம்.

சுற்று செய்யும் நன்மை

இழுவிசையைக் குறைப்பது சுற்றுகளின் வேலை. துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தை ஒரு தூணில் நாலைந்து சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இதன் கணக்கை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்னும் கணித மேதை கண்டறிந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் விசை கூட்டல் முறையில் குறைவதில்லை. வகுத்தல் முறையில் குறைகிறது. உராய்வுக் குணகம் 0.2 ஆனால் ஒவ்வொரு சுற்றும் விசையை மூன்றரையில் ஒரு பங்காக்கும். ஐந்து சுற்றுக்குப் பின் மிஞ்சுவது ஐந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உராய்வுக் குணகம் அதில் பாதியாக, 0.1 ஆக இருந்தால்? ஐந்து சுற்றுக்குப் பின் 23-இல் ஒரு பங்கு மிஞ்சும். குணகம் பாதியானதற்குப் பிடிப்பு இருபது மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது! வழுக்கும் நைலானில் பழைய முடிச்சுகள் ஏன் அவிழ்ந்தன என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

முடிச்சில் நரம்பு ஒரு தூணைச் சுற்றவில்லை, தன்னையே சுற்றுகிறது. ஒன்றையொன்று நசுக்கவும் செய்கிறது. ஆதலால் மேற்கண்ட எண்களை அப்படியே முடிச்சுக்குப் பொருத்தக்கூடாது. போக்கு மட்டும் அதுவே.

அப்படியானால் பத்துச் சுற்று, பதினைந்து சுற்று என்று சுற்றிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். சுற்றுகள் மிகுந்தால் இறுக்கும்போது அவை ஒழுங்காக அடுக்கடுக்காக அமர்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே விழும். குறுக்கே விழுந்த சுற்று, கத்தி போல் அடியில் உள்ள நரம்பை அழுத்தும். தடித்த நரம்புக்கு மூன்று நான்கு சுற்று, மெல்லியதற்கு ஐந்து ஆறு என்று தூண்டில்காரர்கள் சொல்வது வெறும் பழக்கம் அன்று. தடித்த நரம்பு விறைப்பானது. சுற்றுகள் கூடினால் அதை இறுக்கி அமர்த்தவே முடியாது.

முடிச்சுக்குள் விசை எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்ணாலேயே காணவும் ஒரு வழி பிறந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள், இழுக்கும்போது நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இழையின் குறுக்கீடுகள் எத்தனை, அவற்றில் முறுக்கு எத்திசையில் செல்கிறது என்பவற்றைக் கொண்டே, இரண்டு முடிச்சுகளில் எது உறுதியாக நிற்கும் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

எச்சிலின் வேலை

தூண்டில்காரர் முடிச்சை இறுக்குமுன் அதை உதட்டில் வைத்து நனைப்பார். பார்ப்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். காரணம் நல்ல காரணம். இறுக்கும்போது நரம்பு நரம்பின் மேல் வேகமாக உரசுகிறது. அந்த உராய்வு வெப்பம் மிகச் சிறிய பரப்பில் எழுகிறது. நைலானோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். மேற்பரப்பு இளகியும் கீறியும் கெடுகிறது. ஒரு துளி நீர் இருந்தால் உரசலும் குறையும், வெப்பமும் குறையும். சுற்றுகளும் வழுக்கி ஒழுங்காக அமரும். வழுக்கல் இறுகும்வரை நண்பன், இறுகியபின் பகைவன்!

நீரால் ஒரு தீமையும் உண்டு. நைலான் நீரை உறிஞ்சும். நன்கு நனைந்தபின் அதன் வலிமை சுமார் 10 முதல் 15 விழுக்காடு குறையும். எனவேதான் உலகச் சாதனை மீன்களைப் பதிவுசெய்யும் பன்னாட்டு அமைப்பு, நரம்பை நீரில் ஊறவைத்த பின்பே இழுத்துச் சோதிக்கிறது. உலர்ந்த நரம்பில் பெற்ற எண்ணை ஓடையில் நம்பக்கூடாது.

மூன்று முடிச்சுகள்

உலகிலுள்ள முடிச்சுகளுக்குக் கணக்கில்லை. கிளிஃபோர்டு ஆஷ்லி 1944-இல் வெளியிட்ட முடிச்சு நூலில் மட்டும் 3,800-க்கு மேல் உள்ளன. நமக்கு மூன்று போதும். அரை மி.மீ. தடிமனுள்ள நரம்பில் முதலில் கைப்பழக்கம் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது சுற்று முடிச்சு. நுனியை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் அளவு வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். நுனியை நீண்ட நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இப்போது முள்ளின் காதை ஒட்டி ஒரு சிறு துவாரம் தெரியும். நுனியை அதன் வழியே செலுத்துங்கள். அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் நுனியை ஒரு முறை செலுத்தினால் இது 'திருத்திய சுற்று முடிச்சு' ஆகும். நனைத்து, நீண்ட நரம்பை மெல்ல, ஒரே சீராக இழுங்கள். சுற்றுகள் சுருள்வில் போல நெருங்கி அமர வேண்டும். நரம்பு இச்சுருளின் நடுவே ஏறத்தாழ நேராகவே நுழைகிறது என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன இலக்கணம் இதில் இருக்கிறது.

இரண்டாவது பாலோமார் எனப்படும் இரட்டை முடிச்சு. நரம்பை மடித்து இரட்டையாக்கி, மடிப்பை முள்ளின் காதில் நுழையுங்கள். இரட்டை நரம்பாலேயே தளர்வாக ஓர் ஒற்றை முடிச்சுப் போடுங்கள். முள் அதன் கீழே தொங்கும். மடிப்பு வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து எடுத்து, நனைத்து, இறுக்குங்கள். முள்ளின் காதை இரண்டு நரம்புகள் சேர்ந்து சுற்றுவதால் அங்கே ஒவ்வொன்றின் மேலும் சுமை குறைவு. போடுவது எளிது, பிழையாகப் போடுவது கடினம். என் கருத்தில் புதிதாகக் கற்பவருக்கு இதுவே ஏற்றது. ஆனால் நரம்பு சற்று மிகுதியாகச் செலவாகும். பெரிய இறகு ஈயாக இருந்தால் வளையத்துக்குள் நுழைக்கும்போது கசங்கும்.

மூன்றாவது இரண்டு நரம்புகளைச் சேர்ப்பது. இதற்கு அறுவை மருத்துவர் முடிச்சு என்று பெயர். இரு நரம்புகளையும் எதிரெதிராக ஒரு சாண் நீளம் இணையாக வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஓர் ஒற்றை முடிச்சுப் போடுங்கள். இறுக்காமல், அதே வளையத்துக்குள் இரண்டையும் இன்னொரு முறை நுழையுங்கள். நனைத்து நான்கு முனைகளையும் சேர்த்து இழுத்து இறுக்குங்கள். அழகில்லாத முடிச்சுதான், ஆனால் தடிமன் வேறுபட்ட நரம்புகளை நன்கு பிடிக்கும்.

சோதனை

தேவையானவை: 2 கிலோகிராம் என்று குறித்த நரம்பு, ஐந்து லிட்டர் வாளி, தண்ணீர், ஒரு தராசு, முனையை இடுக்கியால் நறுக்கிவிட்ட தூண்டில் முட்கள். நரம்பு அறும்போது முள் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இச்சோதனையைச் செய்யக்கூடாது. வாளியின் அடி தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

முதலில் முடிச்சே இல்லாத நரம்பின் வலிமையை அளக்க வேண்டும். கட்டாமல் எப்படித் தொங்கவிடுவது? ஆய்லரையே துணைக்கழைப்போம். ஒரு பூரிக்கட்டையைக் கிடைமட்டமாக, உருளாதபடி உறுதியாகப் பொருத்தி, நரம்பை அதன்மேல் எட்டுச் சுற்றுச் சுற்றி, முனையை ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுங்கள். கீழே வாளியைத் தாங்கவும் அவ்வாறே இன்னோர் உருளைக் கட்டை. உராய்வுக் குணகம் 0.1 என்றே வைத்தாலும் எட்டுச் சுற்றில் விசை 150-இல் ஒரு பங்காகிவிடும். 2 கிலோகிராம் சுமைக்கு ஒட்டுத்தாள் தாங்க வேண்டியது 14 கிராமுக்கும் குறைவு!

வாளியில் தண்ணீரைச் சீராக ஊற்றிக்கொண்டே வாருங்கள். அறுந்ததும் வாளியையும் நீரையும் கட்டையையும் சேர்த்து எடை போடுங்கள். ஐந்து முறையாவது செய்து சராசரி காணுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய துண்டு, ஒரே நீளம், ஊற்றும் வேகமும் ஒன்றே. நைலான் சுமையில் மெல்ல மெல்ல நீளும் தன்மையுடையது. ஆகவே மெதுவாக ஊற்றிய நாளும் வேகமாக ஊற்றிய நாளும் ஒரே விடை தாரா.

அடுத்து, முடிச்சிட்ட நரம்பை இவ்வாறே சோதியுங்கள். முடிச்சு அறுந்த எடையை முடிச்சற்ற நரம்பு அறுந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் முடிச்சின் திறன் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை. உறையில் 2 கிலோகிராம் என்று போட்ட நரம்பு உண்மையில் 3 கிலோகிராம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உறை எண்ணைவிட நரம்பு வலிமையாக இருப்பது அரிதன்று. முடிச்சு 2.4 கிலோகிராமில் அறுந்தால் அதன் திறன் 80 விழுக்காடு. உறையில் கண்ட எண்ணால் வகுத்தால் 120 விழுக்காடு என்று வரும்! முடிச்சுப் போட்டால் நரம்பு வலுப்பெறும் என்று யாரேனும் சொன்னால், எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

வாளியும் தராசும் இல்லாதவர்க்கு இன்னோர் அழகான முறை உண்டு. ஒரே துண்டு நரம்பின் ஒரு முனையில் ஒரு முடிச்சையும் மறுமுனையில் இன்னொரு முடிச்சையும் கட்டி, இரு முட்களையும் இடுக்கியால் பிடித்து இழுங்கள். இரண்டு முடிச்சுகளின் மேலும் ஒரே விசைதான் செயல்படும். முதலில் அறுந்தது தோற்றது. அளவுகருவியே வேண்டாத அளவீடு இது.

ஆனால் ஒரு முறை வென்றதைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். இரு முடிச்சுகளும் சம வலிமை உடையவை என்று கொண்டால், ஒவ்வோர் இழுப்பும் நாணயம் சுண்டுவது போன்றது. பத்து முறை இழுத்தால் வரக்கூடிய வரிசைகள் 1,024. அவற்றில் குறிப்பிட்ட ஒரு முடிச்சு எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வெல்வது 56 வரிசைகளில். இரண்டில் ஏதேனும் ஒன்று அவ்வாறு வெல்வது 112-இல், அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு வாய்ப்பு. ஆகவே 8-க்கு 2 என்ற வெற்றியைக்கூட முழுதும் நம்புவதற்கில்லை. 9-க்கு 1 என்றால் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். அப்போது ஒரு முடிச்சு உண்மையிலேயே மேலானது என்று ஓரளவு துணிந்து கூறலாம்.

அறுந்த நுனி சொல்லும் செய்தி

எண்களை எழுதிவிட்டு அறுந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுபவர் பாதிப் பாடத்தைத் தூக்கி எறிகிறார். கைவில்லையால் நுனியைப் பாருங்கள். நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அறவில்லை, நழுவியிருக்கிறது. சுற்று போதாது அல்லது சரியாக இறுக்கவில்லை. முடிச்சின் வாயிலில் சட்டென்று அறுந்திருந்தால் முடிச்சு தன் எல்லையை எட்டிவிட்டது. அந்த முடிச்சில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. முடிச்சுக்கு வெகு தூரத்தில் அறுந்திருந்தால் நரம்பில் ஏற்கெனவே கீறல் இருந்தது. அந்தச் சோதனையை முடிச்சின் கணக்கில் எழுதக்கூடாது. தானாக விழுந்த ஒற்றை முடிச்சு ஒன்று அங்கே இருந்ததா என்றும் பாருங்கள். வீசும்போது இத்தகைய முடிச்சுகள் ஈத்தூண்டிலில் அடிக்கடி விழும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் நுனி இழையை விரல்களுக்கிடையே அவ்வப்போது உருவிப் பார்க்கிறார்கள்.

சராசரியை நம்பலாமா?

ஒருவர் கட்டிய பத்து முடிச்சுகளில் ஒன்பது 95 விழுக்காடும் ஒன்று 45 விழுக்காடும் காட்டுகின்றன என்று கற்பனை செய்வோம். சராசரி 90. இன்னொரு முடிச்சு பத்து முறையும் 80 காட்டுகிறது. எது சிறந்தது? தேர்வு மதிப்பெண்ணில் முதலாவதுதான் வெல்லும். ஓடையில் அப்படி இல்லை. பத்தாவது மீன் வந்து கடிக்கும்போது எந்த முடிச்சு கட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் இரண்டாவதையே தேர்வேன். உங்கள் குறிப்பேட்டில் சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் தவறாமல் எழுதுங்கள். குறைந்த அளவு ஏன் அவ்வளவு குறைந்தது என்று தேடினால் பெரும்பாலும் கையின் குற்றமே தெரியவரும்: நனைக்கவில்லை, ஒரு சுற்று குறைந்தது, நுனியை மிக ஒட்ட நறுக்கினோம்.

இன்னொன்று. வாளிச் சோதனையில் விசை மெல்ல ஏறுகிறது. மீன் அப்படி இழுப்பதில்லை. 1 கிலோகிராம் மீன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது எனில் அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல். விறைப்பான நரம்பு அதனை 5 செ.மீ. தூரத்தில் நிறுத்த முயன்றால் தேவைப்படும் விசை 40 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 4 கிலோகிராம் எடை. 2 கிலோகிராம் நரம்பு எந்த முடிச்சு போட்டாலும் அறும். கோல் வளைந்து, உருளை சுழன்று, அரை மீட்டர் விட்டுக்கொடுத்தால் தேவையான விசை 4 நியூட்டன்தான். 400 கிராம் எடை! அப்போது பாதி வலிமையே உள்ள ஒற்றை முடிச்சுகூடத் தாங்கிவிடும்.

இதையும் சோதிக்கலாம். அரை கிலோகிராம் மணல் பையை ஒரு மீட்டர் நரம்பில் கட்டி, கட்டிய இடத்தின் உயரத்திலிருந்தே ஒரு முறை விழவிடுங்கள். பின் நரம்பின் மேல்முனையை ஒரு வளையும் மூங்கில் குச்சியில் கட்டி அதேபோல் விழவிடுங்கள். எத்தனை முறைக்கு அறுகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பை விழும் இடத்தில் கால் இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அறுந்த நரம்புத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி, விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிக் குப்பைக்கூடையில் போடுங்கள். முற்றத்தில் கிடந்தால் காக்கையின் காலிலோ கோழிக்குஞ்சின் காலிலோ சுற்றிக்கொள்ளும்.